ஹார்ட் டிஸ்க் பாஸ்!

ஹார்ட் டிஸ்க்கைப் போலத் தன்னம்பிக்கை உள்ள பிறவி வேறில்லை. உள்ளே ‘டக் டக்’ சத்தம். கல்யாண போட்டோ திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பரிசோதனையைக் கேட்டால் ‘பாஸ்டு’ என்கிறது. நீண்ட பரிசோதனையோ பாதியிலேயே ‘ரீட் ஃபெயிலியர்’ என்று படுத்துவிடுகிறது. ஸ்மார்ட் பட்டியலில் 197ஆம் எண்ணுக்கு நேரே, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் சில நூறு. இருந்தாலும் பாஸ் பாஸ்தான்.

பாஸ் மார்க்கைத் தீர்மானிப்பது டிஸ்க்கைத் தயாரித்த கம்பெனி. பெற்ற பிள்ளையை ஃபெயிலாக்க யாருக்கு மனசு வரும்?

கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. செத்தவற்றில் 56 சதவீதத்துக்கும் மேலானவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போய்ச் சேர்ந்தவை. எவ்வளவு நாகரிகமான சாவு!

ஆகவே பேக்கப் எடுத்து டிஸ்க்கின் மனதைப் புண்படுத்தாதீர்கள். மென்பொருளை மாற்றி மாற்றிச் சோதியுங்கள். எது பச்சை விளக்கு காட்டுகிறதோ, அதுவே சிறந்த மென்பொருள். அது தந்த பச்சை ரிப்போர்ட்டை நான் டி டிரைவிலேயே பத்திரப்படுத்தியிருக்கிறேன். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. நேற்று ராத்திரியிலிருந்து மொத்த டிரைவும் காலி என்றே காட்டுகிறது.