செம்பா, கேபிளா?

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் இணையச் சேவை வந்தபோது எங்கள் ஊர் அரசுத் தாள்களில் இன்னும் பாண்டிச்சேரி. புதுச்சேரி ஆக 2006 வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஆரம்ப வேகம் நொடிக்கு 256 கிலோபிட். அதுவே அகலக்கற்றை என்று மத்திய அரசின் 2004 கொள்கையில் எழுதிவைத்திருந்தார்கள். ஒற்றையடிப் பாதைக்கு ராஜபாட்டை என்று பெயர்.

டேட்டாஒன் டி.எஸ்.எல். வகை. டி.எஸ்.எல். ஓடுவது தொலைபேசியின் செப்புக் கம்பியில். எக்ஸ்சேஞ்சை விட்டுத் தள்ளிப்போகப் போக வேகம் தேயும். ஆக, இணையத்திலும் பெரிய இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால்தான் மரியாதை. (நம்மூரில் வேறு எதற்கு அப்படி இல்லை?) கேபிளில் இணையம் தரும் கேபிள்காரருக்கு இந்தத் தூரக் கணக்கெல்லாம் கிடையாது. மரத்திலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து பிரெஞ்சு காலத்துப் பால்கனிக்கு என்று இழுத்துவிட்டுப் போவார். ஆனால் தெருவுக்கே ஒரு குழாய். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் திறந்தால் சொட்டும்.

எங்கள் தெரு சொல்தா தாத்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவர். பாரிஸில் இருக்கும் மகனோடு பிரெஞ்சில்தான் பேச்சு. படம் உறைந்தால் மட்டும் தமிழ். லைன் போய்விட்டது என்று தெருவுக்கே அதை வைத்துத்தான் தெரியும்.