வலப்பக்க ஜன்னல்

சேத்தியாத்தோப்பில் ஏறி லால்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தால், வலப்பக்க ஜன்னலில் வீராணம் ஏரி கூடவே வரும். பேருந்தில் யார் பார்க்கிறார்கள்? அத்தனை தலையும் குனிந்திருக்கும். பக்கத்து இருக்கைத் தம்பி செல்போனில் சுவிட்சர்லாந்து ஏரி ஒன்றைப் பார்த்து, "வாழ்ந்தா இப்படி ஒரு இடத்துல வாழணும்ணே" என்றார். வெளியே மதகுச் சுவரில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டிருந்தது. ரீல்ஸில் வராததால் அது கணக்கில் சேரவில்லை.

பத்தாம் நூற்றாண்டில், போருக்காக முகாமிட்டிருந்த படையைக் கொண்டே ராஜாதித்த சோழன் வெட்டுவித்த ஏரி என்பார்கள். டெண்டர் இல்லை, கமிஷன் இல்லை. அதனாலோ என்னவோ இன்னும் பாசனம் நடக்கிறது. கல்கியின் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று இந்தக் கரையில்தான் குதிரையில் வாய்பிளந்து போனான். பாவம், கையில் போன் இல்லை.

2004 முதல் இந்தத் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்துச் சென்னைக்குப் போகிறது. அதைக் குடித்துவிட்டு, ஏரி பார்க்கச் சென்னைக்காரர் ஊட்டிக்குப் போகிறார்.

முன் இருக்கைப் பொடிசு ஒன்று ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்தி, "அத்தா, கடலு!" என்று கத்தியது. நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. வீடியோ எடுக்கத்தான். போகட்டும், இந்தப் பக்கம் திரும்பினார்களே!