பாஸ்களை ஒழித்தது யார்?

பழைய சண்டைப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கதாநாயகனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவாக ருசி இல்லை. கதாநாயகன் எப்படியும் ஜெயிக்கப்போகிறவன். அவன் முகத்தைப் பெரிதாகப் போட்டுத்தான் போஸ்டரே அடித்திருக்கிறார்கள். என் கவலையெல்லாம் வில்லனின் குகையைப் பற்றியது. சுவர் தானாகத் திறக்க வேண்டும். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும். நமக்கு முதுகைக் காட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நாலு பேர் ‘பாஸ்’ என்று கூப்பிட வேண்டும். இவ்வளவும் இருந்துவிட்டால் கதை எக்கேடு கெட்டாலும் டிக்கெட் காசுக்குப் பழுதில்லை.

நான் சேலத்துக்காரன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பற்றும் உண்டு. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் எங்கள் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. இன்று நுழைவாயில் வளைவு மட்டும் மிச்சம். லண்டனில் ஷான் கானரி 1962-ல் ‘டாக்டர் நோ’ படத்தில் துப்பாக்கியும் கையுமாகக் கிளம்பினார்; நாலே வருஷத்தில் அந்தத் துப்பாக்கி சேலத்துக்கு வந்து ஜெய்சங்கர் கையில் ஏறிவிட்டது. ஆர்.சுந்தரம் இயக்கத்தில் 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’, அப்புறம் 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’. ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ என்று பட்டமே கொடுத்தாயிற்று.

அசல் பாண்டுக்கு கென் ஆடம் என்றொரு கலை இயக்குநர் இருந்தார். 1967-ல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்துக்கு எரிமலைக்குள் ஒரு குகை போட்டார். அந்த ஒரு செட்டுக்கு மட்டும் சுமார் பத்து லட்சம் டாலர். நம் ஆட்களுக்கு அந்தக் காசில் ஒரு வருஷத்துப் படங்களை எடுத்து மிச்சத்தில் வீடும் கட்டத் தெரியும். ஆகையால் நம் குகையில் அடியாள் போய்ப் பாறையில் மோதினால் பாறைதான் நகரும். எனக்கு அதுதான் பிடித்தது. எரிமலையைப் பார்த்து வாய் பிளக்கலாமே தவிர, அன்பு வராது.

நான் இந்தப் படங்களைப் பார்த்ததெல்லாம் டூரிங் கொட்டகையில், வெளிவந்து பல வருஷம் கழித்து, மழைக்கோடு விழுந்த பிரிண்டில். கொட்டகையில் ஒரே ஒரு புரொஜக்டர். ரீல் தீர்ந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டியாக வேண்டும். இதனால் படத்துக்கு நாலு இடைவேளை. கதாநாயகியைக் கட்டிப்போட்டு, வெடிகுண்டின் முள் நகரத் தொடங்கி, இன்னும் அரை நிமிஷம்தான் என்று பாஸ் சொல்லி முடித்ததும் பளிச்சென்று விளக்கு எரியும். “முறுக்கேய்…” என்று தட்டோடு பையன் வருவான். உலகமே வெடிக்கப்போகிற நேரத்தில் முறுக்கு மென்றுகொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்க ஒரு தலைமுறைக்குப் பழக்கிவிட்டது அந்தப் புரொஜக்டர். ஹிட்ச்காக்கால்கூட இந்த அளவுக்குப் பார்வையாளனைத் தவிக்கவிட முடிந்ததில்லை.

முறுக்கு தின்ற அந்த நேரத்தில்தான் எனக்கு யோசனைகள் வந்தன. இந்தக் குகையைக் கட்டிய கொத்தனார் யார்? எங்கள் தெருவில் ஒருவர் மாடிப்படி வைத்தாலே எத்தனை படி, என்ன செலவு என்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இங்கே மலையைக் குடைந்து, சுவரில் இருக்கும் புலித்தலையின் மூக்கைத் திருகினால் கதவு திறக்கிற மாதிரி வேலை செய்துவிட்டு ஒரு மேஸ்திரி வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா? இவ்வளவு விளக்குக்கும் கரண்ட் யார் பெயரில் வருகிறது? மீட்டர் பார்க்க வருகிறவர் புலி மூக்கைத் திருகித்தான் உள்ளே வர வேண்டுமா? இதையெல்லாம்விட, குகை மொத்தத்தையும் தூள் தூளாக்க ஒரு பொத்தான் வேறு இருக்கும். மற்ற பொத்தான்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு அடியாள்கூட மின்விசிறி என்று நினைத்து அதை அமுக்கியதில்லை. அவ்வளவு பயிற்சி!

பாஸ் வேஷத்துக்கு ஆர்.எஸ்.மனோகரைப் போல ஒருவர் இனி அமைவது கஷ்டம். மேடையில் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தில் ராவணனாகவே நின்றவர். தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன குழு அவருடையது. இலங்கையையே ஆண்டவருக்கு ஒரு குகையை மேய்ப்பது பெரிய காரியமா? அடியாட்களிடம் அவர் ‘முட்டாள்!’ என்று சொன்னால் முன்பெஞ்சில் இருந்த எங்களுக்கே உறைக்கும்.

சண்டைக்காட்சிக்கு வருகிறேன். ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் சண்டைப் பயிற்சியாளராகத் தொடங்கியவர் குடியாத்தத்துக்காரரான ஜூடோ ரத்தினம். 2023-ல் தொண்ணூறைத் தாண்டிக் காலமானார். பல மொழிகளிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஆட்களைப் பறக்கவிட்டிருக்கிறார். கிராஃபிக்ஸ் கிடையாது, விழுகிறவன் நிஜமாகவே விழுந்தான். விழுவதற்கு வாகாகக் குகையில் காலி பீப்பாய்கள் அடுக்கியிருக்கும். பாஸ் கடத்துவதோ தங்க பிஸ்கட். சட்டைப்பையில் அடங்குகிற சரக்கு. அதற்கு இத்தனை பீப்பாய் எதற்கு என்று சி.ஐ.டி.கூடக் கேட்கவில்லை.

தங்கம் என்றதும்தான் என் ஆராய்ச்சியின் முக்கியமான இடம் வருகிறது. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். 1968-ல் தங்கக் கட்டுப்பாடு முழுச் சட்டமாகவே ஆனது. பெண்ணைப் பெற்றவர்கள் தலையில் கைவைத்தார்கள். கள்ளக்கடத்தல்காரர்களுக்கு யோகம் அடித்தது. நம் குகைப் படங்கள் சரியாக இந்தக் காலத்தில்தான் பெருகின. நான் சொல்வது என்னவென்றால், பாஸை உண்டாக்கியவர் எந்தக் கதாசிரியரும் அல்ல, டில்லி. கதர் கட்டிய, காப்பியைக்கூட விலக்கிவைக்கிற ஒரு காந்தியவாதி கையெழுத்துப் போட்டதில் சேலத்தில் ஒரு சுழல் நாற்காலி சுற்ற ஆரம்பித்தது.

நடுவில் கர்ணன் வந்தார். ஒளிப்பதிவாளர், குதிரையின் வயிற்றுக்கடியிலிருந்து உலகத்தைப் பார்க்கத் தெரிந்தவர். ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, ‘எங்க பாட்டன் சொத்து’ என்று ஜெய்சங்கருக்குத் தொப்பி மாட்டிக் குதிரையில் ஏற்றிவிட்டார். பெயரைப் பாருங்கள், ‘ஜக்கம்மா’! குடுகுடுப்பைக்காரர் கும்பிடுகிற தெய்வத்தின் பெயரில் ஒரு கௌபாய் படம். இத்தாலிக்காரர்கள் ஸ்பெயினில் போய் அமெரிக்கப் படம் எடுக்கலாம் என்றால், நாம் நம்மூர்ப் பொட்டலில் எடுக்கக் கூடாதா? அந்தப் படங்களின் லாஜிக்கைக் கேலி செய்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. குதிரை நிஜம், புழுதி நிஜம், ஓடை நிஜம். அருவியில் கதாநாயகிகள் குளிக்க எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் அவசியத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்கும் கொட்டகையில் ஆட்சேபம் எழுந்ததாக நினைவில்லை.

1980-ல் ஏவி.எம்.மின் ‘முரட்டுக் காளை’ வந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஊரூராகக் குகைகளைத் தகர்த்த ஜெய்சங்கர் அதில் ரஜினிக்கு வில்லன். போகட்டும், நியாயமாக அவருக்கு ஒரு குகையாவது கொடுத்திருக்க வேண்டாமா? பண்ணையார் வீடு, திண்ணை, அவ்வளவுதான். ஜூடோ ரத்தினம் அமைத்த அந்த ரயில் சண்டையை ஊரே கொண்டாடியது, நானும்தான் கைதட்டினேன். ஆனால் தமிழ்ப்படத்தில் வில்லன் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் குடிவந்துவிட்டான் என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

கடைசியாக ஒருமுறை பெரிதாக முயன்றார்கள். 1986-ல் கமலின் ‘விக்ரம்’, எழுதியது சுஜாதா. அக்னிபுத்ரன் என்ற ஏவுகணையைத் திருடுகிறார்கள். நிஜ அக்னி 1989-ல்தான் பறந்தது. அதாவது அரசாங்கம் செய்து முடிப்பதற்குள் தமிழ்நாட்டில் திருடியே முடித்துவிட்டோம். ஏவுகணை போய்ச் சேர்வது சலாமியா என்ற இல்லாத தேசத்துக்கு. அதற்குத் தனி மொழி, அதை நமக்குப் பெயர்த்துச் சொல்ல ஜனகராஜ், அரசராக ‘ஷோலே’ அம்ஜத் கான். கம்ப்யூட்டர், சத்யராஜின் நக்கல், இளையராஜாவின் தலைப்புப் பாட்டு எல்லாம் இருந்தும் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்குத் தியேட்டருக்கு வந்திருந்தால் சலாமியாவுக்கு இரண்டாம் பாகமே வந்திருக்கும்.

பிறகு 1990. நிதி அமைச்சர் மது தண்டவதே தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையே ரத்து செய்தார். ஜெய்சங்கர் இத்தனை வெள்ளிக்கிழமை ரிலீஸ்களில் செய்ய முடியாததை ஒரு பட்ஜெட் செய்துவிட்டது. பிஸ்கட்டுக்கு மவுசு போனால் குகைக்கு வாடகை யார் கொடுப்பது? பாஸ்கள் கலைந்தார்கள். நிலத்தை வளைக்கப் போனார்கள், காலேஜ் கட்டினார்கள், எம்.எல்.ஏ. ஆனார்கள்.

என் அக்கா மகனுக்கு இந்தக் கொள்கையில் உடன்பாடில்லை. “மாமா, 2022 ‘விக்ரம்’ பாருங்க, விஜய் சேதுபதி கலக்கியிருப்பாரு” என்று இழுத்துக்கொண்டு போனான். நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் மூன்று மனைவிகளோடு கூட்டுக் குடும்பம் நடத்துகிறவர் எப்போது குகைக்குப் போவார், எப்போது உலகத்தை மிரட்டுவார்? ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

2013-ல் தங்கத்துக்கு இறக்குமதி வரியைப் பத்து சதவீதமாக உயர்த்தியபோது எனக்கு ஒரு நப்பாசை வந்தது. நினைத்தபடியே கடத்தலும் திரும்ப வந்தது; சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பிடிபட்டவர்களின் செய்தி பேப்பரில் அடிக்கடி வந்தது. ஆவலாகப் படித்தேன். தங்கத்தைப் பசையாக்கி, உருண்டை பிடித்து, ஆசனவாயில் வைத்துக் கொண்டுவருகிறார்களாம். சரியாக உட்காரவே முடியாத ஒருவரை பாஸாகப் போட்டு யார் படம் எடுப்பார்கள்?