ஹாலியின் பால்வழு: ஒரு நுண்ணாய்வு

இங்கிலாந்துத் தோட்டங்களில், வேட்டிக் கரைபோல இலையோரம் மஞ்சளும் வெள்ளையும் ஓடும் ஹாலி மரத்தை நால்வகையாகப் பகுத்து ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

1. நிறம். இலையோரத்தில் பச்சையம் இல்லை, ஆகவே வெளுத்திருக்கிறது.

2. முள். குத்தும். சான்று கேட்போர் 'ஃபெராக்ஸ்' வகையைத் தடவிப் பார்க்க. அதற்கு ஓரத்தில் மட்டுமன்றி இலையின் மேல்பரப்பிலும் முள் உண்டு.

3. பால். ஆய்வின் உயிர்நாடி இதுவே. ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கிறிஸ்துமஸுக்குத் தேடும் சிவப்புப் பழம் பெண்ணில்தான் உண்டு. 1884இல் எடின்பரோ நர்சரி ஒன்றில் தோன்றிய மஞ்சள் கரை ஹாலிக்குக் 'கோல்டன் கிங்' என்று பெயரிட்டார்கள். அது பெண். 'சில்வர் குயின்' ஆண். 'கோல்டன் குயின்' என்றொன்று உண்டு, அதுவும் ஆண்.

அரசன் காய்க்குமோ எனின், காய்க்கும் என்க. அரசி காய்க்காளோ எனின், காய்க்காள்; மகரந்தம் மட்டும் தருவாள். தருவான் என்பாரும் உளர். பூசல் தீராமையின் 'தரும்' என்று அஃறிணையில் முடித்தாம்.

இதன் காரணத்தை இக்கட்டுரையாளரின் 'ஹாலியும் முடியாட்சியும்' நூலில் காண்க (இன்னும் எழுதப்படவில்லை, பக். 412). அந்நூல் முற்றிலும் பிழை என்பதை அவரே தம் மறுப்பு நூலில் நிறுவுவார் (அதுவும் எழுதப்படவில்லை, திருத்திய இரண்டாம் பதிப்பு). அம்மறுப்புக்கான மறுமொழி, மூன்று தொகுதிகளாகத் திட்டமிடப்பட்டு, நல்கை கிடைக்காமையால் முன்னுரையின் நன்றியுரையோடு நின்றுபோனது. தம்மைத் தாமே மேற்கோள் காட்டல் முறையோ எனின், முறையே. பதவி உயர்வுகள் பல அவ்வழி வந்தவை.

இனி, 'சில்வர் மில்க்பாய்' ஆண்; 'சில்வர் மில்க்மெய்ட்' பெண். எனவே அரச குலத்துப் பால்வழு பால்காரர் குலத்தில் இல்லை என்பது பெறப்படும்.

பெயர்ப்பலகையைக் கொண்டு பால் துணிவோர் பூவைப் பார்ப்பதில்லை. வசந்தத்தின் கடைசியில் வரும் அந்த வெள்ளைப் பூ ஒரு சென்டிமீட்டர்கூட இராது. பெரும்பாலும் நான்கு இதழ். நடுவில் பச்சைச் சூலகம் பருத்திருந்தால் பெண். சுற்றிலும் நிமிர்ந்த மகரந்தத் தாள்களில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் ஆண். இப்பூ நூலகங்களில் பூப்பதில்லையாதலால் அறிஞர் கண்ணில் படாமை குற்றமாகாது.

4. பச்சைக் கிளை. கரையே இல்லாமல் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்புவதுண்டு. பச்சையம் மிகுதியாதலால் அது வேகமாக வளர்ந்து கரை போட்ட கிளைகளை அமுக்கிவிடும். கண்டதும் அடியோடு வெட்டுக. இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே ஆய்வுக்கும் இடமில்லை.

முடிபு: 'கோல்டன் கிங்' வாங்கியவர்கள், பழம் வேண்டுமாயின், பக்கத்தில் 'சில்வர் குயின்' ஒன்றையும் நடுக. ராஜாவுக்கு ராணி பொருத்தம் என்று எண்ணி நட்டாலும் பழுக்கும். தேனீ பெயர்ப்பலகை பார்ப்பதில்லை.