அடித்தகடு வாங்கப் போற மருமகனுக்கு

வா மருமகனே, உக்காரு. புது ஹைலக்ஸுக்கு அடியில சிவப்புத் தகடு பூட்டப் போறியாமே? நல்ல காரியம். செந்தூல் பாசார்லேருந்து ஜாலான் ஈப்போ போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை பாறை, எத்தனை ஆறு! நாங்கள்லாம் இத்தனை வருஷமா மோட்டார்சைக்கிள்ல எப்படித்தான் கடந்தோமோ.

நான் செந்தூல் ரயில் பட்டறையில இரும்போட பொழுதைக் கழிச்சவன். 1945-ல அந்தப் பட்டறை மேல விமானம் குண்டு போட்டப்ப எல்லாரும் மேலயே அண்ணாந்து பாத்தாங்களாம். உன் காடிக்கு அடி விழப்போறது கீழேருந்து. கீழ என்ன இருக்குன்னு என்னைக்காவது படுத்துப் பாத்தியா? சட்டை அழுக்காயிடும், சரி, நானே சொல்றேன்.

முன்னால ரேடியேட்டர், அப்புறம் எஞ்சின் ஆயில் பேன், அதுக்குப் பின்னால கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஓரமா டேங்க். கியர்பாக்ஸ் கூடு அலுமினிய வார்ப்பு. கல்லு இடிச்சா வளையாது, பிளந்துக்கும். கம்பெனிக்காரன் குடுத்த தகரம் சேறு தெறிக்காம இருக்கத்தான். நீ ஆசைப்படுற முன் துண்டு பம்பருக்குக் கீழ அழகாத் தெரியும், படம் எடுத்துப் போட அது போதும். உலு யாம் பக்கம் செம்மண் தடத்துல மரக்கட்டை தாண்டும்போது அடி வாங்குறது நடுவயிறு. அங்க தகடு இல்லேன்னா, முன்னால மட்டும் போட்டவனும் ஒண்ணுமே போடாதவனும் ஒரே கயித்துலதான் இழுபட்டு வீடு வந்து சேருவாங்க.

இரும்பா, அலுமினியமான்னு கேப்ப. 4 எம்.எம். இரும்பு சதுர மீட்டருக்கு 31 கிலோ. 6 எம்.எம். அலுமினியம் 16 கிலோதான். ஆனா வளையாம நிக்கிறதுல அந்த இரும்புக்குச் சளைச்சதில்ல. வெள்ளிதான் கூடப் போகும். கல்லு மேல இரும்பு வழுக்கிட்டுப் போயிடும். அலுமினியம் பள்ளம் விழுந்து கல்லைக் கவ்விக்கும். நெளிஞ்ச இரும்பைச் சுத்தியலால தட்டி நிமித்திடலாம், அலுமினியத்தை அப்படித் தட்டினா வெடிப்பு விட்டாலும் விடும். நம்ம ஊர் மழைக்கு இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியத்துக்குத் துரு இல்ல, ஆனா இரும்பு போல்ட் முறுக்குன இடத்துல ஈரம் நின்னா அரிச்சுத் தின்னுடும். ஆக, கல்லாறு ஏறுறவனுக்கு இரும்பு. சேத்துலயும் செம்பனைத் தோட்டத்துலயும் சுத்துறவனுக்கு அலுமினியம். கார் பார்க் மேட்டுல ஏறி இறங்குறவனுக்கு பிரேக்கே போதும்.

கடைக்காரன் பளபளப்பைக் காட்டுவான். நீ போல்ட்டைப் பாரு. தகட்டைச் சேசிஸ்லதான் பூட்டணும்; கியர்பாக்ஸ்ல பூட்டினா இடிக்கிற இடியெல்லாம் அதுக்கே நேராப் போகும். போல்ட் தலை தகட்டுக்குள்ள பதுங்கியிருக்கணும். துருத்திக்கிட்டிருந்தா கல்லு தலையைச் சீவிடும், அப்புறம் கழட்ட கிரைண்டர்தான். ஆயில் வடிக்க ஓட்டை இருக்கா பாரு, இல்லேன்னா சர்வீஸுக்குப் போறப்பல்லாம் தகடு கழட்டுற கூலி தனி. காத்து போக, சேறு கழுவ வழி வேணும். காஞ்ச இலை தகட்டுக்கு மேல சேந்து சூடான புகைக்குழாய்ல பட்டா தீயே பிடிக்கும்.

1997-ல ஆரம்பிச்ச ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்னு காட்டு வண்டிப் போட்டி, அதை அடைமழைக் காலமாப் பாத்துத்தான் வைப்பாங்க. அங்க போறவன் வயிறு முழுக்கத் தகடு போடட்டும், நியாயம். நீ போற காடு எது? பங்சார் பக்கம் மாலா?

இந்தா, பழைய அட்டைப்பெட்டி. விரிச்சு காடிக்கு அடியில படு. எங்க கீறல் விழுந்திருக்கோ அங்க தகடு போடு. ஒரு கீறல்கூட இல்லையா? அப்ப முதல்ல ஒரு காட்டைப் பாத்துட்டு வா, தகட்டை அப்புறம் பாப்போம்.