சல்லடை மகாராஜாக்கள்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை வார்க்கிறவரிடம் போய் 'சிக்னல் ஃபில்டரிங்' என்று சொல்லிப் பாருங்கள். "என்னா சார், மண்ணு சலிக்கிறதா?" என்பார். அதேதான். கரைத்த களிமண்ணைச் சல்லடையில் இறக்கி, காந்தத்தால் இரும்புத் துகளை இழுத்துவிட வேண்டும். விட்டால், சூளையிலிருந்து வெளிவரும் வெள்ளைப் பிள்ளையாருக்கு மூக்கில் மச்சம். சல்லடைக் கண் பெரிதானால் கசடும் இறங்கும். சிறிதானால் மண்ணே இறங்காது, கொலு முடிந்துவிடும்.

நம்ம பங்குத் தரகர்களும் ஒரு காலத்தில் சலித்தவர்கள்தான். பம்பாயில் ஒரு விலை, கல்கத்தாவில் ஒரு விலை. இங்கே வாங்கி அங்கே விற்றால் லாபம். டிரங்க் கால் கொரகொரப்பில் கேட்டது அம்பதா ஒம்பதா என்று பிரிக்கிற காதுதான் ஃபில்டர். 1994இல் தேசியப் பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரையோடு வந்தது. காதுக்கு வேலை போயிற்று.

அதற்குள் நியூயார்க்கில் வேறு கூத்து. 1980களின் முதல் பாதி, மார்கன் ஸ்டான்லி என்ற முதலீட்டு வங்கி. ஒரே தொழிலில் உள்ள இரண்டு கம்பெனிப் பங்குகள் சேர்ந்தே ஏறி இறங்குவதை ஜெர்ரி பாம்பெர்கர் கவனித்தார். முந்தியதை விற்று, பிந்தியதை வாங்கி, இரண்டும் ஒன்றுசேர்ந்ததும் கணக்கை முடித்தார். யோசனை அவருடையது, நாற்காலி நுன்சியோ டார்டாக்லியாவுக்கு! பாம்பெர்கர் மூட்டை கட்டினார். வானியற்பியல் படித்த டார்டாக்லியா, இயற்பியல்காரர்களையும் கணக்குப் புலிகளையும் கூட்டிவைத்து 1987இல் 5 கோடி டாலர் சம்பாதித்தார். 1989இல் கூடாரமே காலி.

பின்னால் வந்தவர்கள் ருடால்ஃப் கால்மன் என்ற பொறியாளரைப் பிடித்தார்கள். அவர் 1960இல் போட்ட கணக்குதான் அப்போலோவுக்கு நிலவுக்கு வழி சொன்னது. வருகிற ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு, பழைய மதிப்பீட்டைக் கொஞ்சம் திருத்தும். 'ஏ' பங்கு ஒன்றுக்கு 'பி' பங்கு எத்தனை என்று தினமும் திருத்த அதையே வைத்துக்கொண்டார்கள். ரொம்ப நம்பினால் இரைச்சலின் பின்னால் ஓடும். ரொம்பச் சந்தேகப்பட்டால் ரயில் போன பிறகு டிக்கெட் எடுக்கும்.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே சல்லடையை வைத்திருந்ததை மட்டும் எந்த ஃபில்டரும் சொல்லவில்லை. 2007 ஆகஸ்ட் 7, 8, 9. யாரோ பெரிய கை அவசரமாக விற்க, சேர வேண்டிய ஜோடிகள் இன்னும் விலகின. பயந்து அடுத்தவர் விற்க, மேலும் விலகின. பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் வரக்கூடாத '25 சிக்மா' ஆட்டம் (வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல 25 மடங்கு) பல நாள் தொடர்ந்து வந்ததாகக் கோல்ட்மன் சாக்ஸின் நிதி அதிகாரியே புலம்பினார். பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, விலைகள் பெருமளவு திரும்பிவிட்டன. வியாழக்கிழமை விற்றுத் தொலைத்தவர்கள்தான் திரும்பவில்லை.