பதினோரு மாத வீரன்

ஆம்பூர் ஹைவேயில் பிரியாணிக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ஷூ கடை. அதில் ஒன்றை நான் வாடகைக்கு எடுத்து நடத்துகிறேன். அசல் தோலா ரெக்சினா என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பதினோரு மாத ஒப்பந்தம். ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரம் பதிய வேண்டும் என்று ஊரே ஒரு மாதத்தைக் குறைத்து எழுதுகிறது. பழுது யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரி இல்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்றார் ஓனர் பாய். "உங்க வார்த்தை போதும் பாய்" என்றேன். பெருந்தன்மை இல்லை, கேட்கக் கூச்சம்.

முதல் மழையிலேயே சுவர் ஊறி ஷூக்களில் பூஞ்சை பூத்தது. வெள்ளையடிப்பு, வயரிங், குழாய் எல்லாம் என் காசு. "இப்பதான் கடை ஜம்முனு இருக்கு" என்று மெச்சிய பாய், புதுப்பிக்கும்போது வாடகையை ஏற்றினார். நான் அடித்த வெள்ளைக்கு நானே வாடகை கட்டினேன்.

டீக்கடையில் வெளிநாட்டுப் பெருமை பேசினேன். இத்தாலியில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைக் குத்தகை குறைந்தது ஆறு ஆண்டு. பிரான்சில் 2014க்குப் பின் எழுதும் குத்தகைகளில் முழுக் கூரையை மாற்றுவது போன்ற பெரிய வேலைகளை வாடகைக்காரர் தலையில் கட்ட முடியாது. லண்டனில் கடை வைத்திருக்கும் அக்கா மகன் போனில் சிரித்தான். "மாமா, இங்க கூரை ஒழுகினா நான்தான் பாக்கணும். கட்டட இன்சூரன்ஸும் என் தலையிலதான். ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே எல்லாம் எழுத்துல இருந்துச்சு."

அப்புறம்தான் உள்ளூர்ச் சட்டத்தைத் தேடினேன். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி வாடகைக்காரர் பொறுப்பு. பாய் தன் கையால் செய்து கொடுத்த ஒரே வேலை வாஷர் மாற்றியது. அதற்கு நன்றியாக நான் பிரியாணி வேறு வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது அந்தச் சட்டம். பதினோரு மாத சாமர்த்தியமும் போயிற்று.

இந்த முறை அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். பாய் டீ சொன்னார், குழந்தைகளை விசாரித்தார். "சரி பாய்" என்று பழைய தாளிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கடை எடுக்கப் போகிறவர்கள் யாருக்காவது அந்த ஜெராக்ஸ் வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மடிப்புகூடப் பிரிக்கவில்லை.